சுருட்டுக் கொட்டிலில் வாசித்த அமெரிக்கா

போன கிழமை பெய்த மழையில் பக்கத்துத் தோட்டக்காரரின் குடில் ஒழுகி, உள்ளே கட்டி வைத்திருந்த புகையிலை நனைந்துவிட்டது. மறுநாள் வெயில் ஏற ஏற அந்த மணம் வேலி தாண்டி எங்கள் வீட்டுக்குள் வந்தது. என் மனைவி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னலைச் சாத்தினாள். நான் எழும்பிப் போய்த் திறந்துவிட்டேன். அவள் மறுபடி சாத்தினாள், நான் மறுபடி திறந்தேன். "உங்களுக்கென்ன விசரே?" என்று கேட்டாள். நாற்பது வருஷத்துக்கு மேலாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவள். இந்தக் கேள்வியை அவள் கேட்பது இது முதல் தடவை அல்ல. பதில் சொல்லப் போனால் சோறு ஆறிவிடும். அதனால் அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

நனைந்த புகையிலையின் மணம் வந்தால் எனக்கு அமெரிக்கா ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள். நான் அமெரிக்காவுக்குப் போனதில்லை. ஊரை விட்டுத் தூரமாகப் போனதென்றால் கொழும்புக்கு இரண்டு தடவை, அதிலும் ஒரு தடவை காய்ச்சலோடு திரும்பி வந்தேன். ஆனாலும் நியூயோர்க் நகரத்துச் சந்துகளில் நான் ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் நடமாடியிருக்கிறேன், நல்லூருக்குப் போகும் வழியில் இருந்த ஒரு சுருட்டுக் கொட்டிலுக்குள் இருந்தபடியே.

இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முந்திய காலம். நான் சீனியர் பரீட்சையில் இரண்டு தரம் கோட்டை விட்டிருந்தேன். மூன்றாம் தரம் எழுத அப்பா விடவில்லை. உரும்பிராயிலிருந்து தினமும் சைக்கிளில் போய்ச் சுருட்டுச் சுற்றப் பழகு என்று சொல்லிவிட்டார். இருபத்தொரு வயது. கையெழுத்து மணி மணியாக இருக்கும், கைவேலைதான் வராது. கொட்டிலில் முப்பது பேர் வரிசையாகப் பாயில் இருந்து, முன்னால் பலகை வைத்து, இலையை நீவி, உள்ளே தூளை வைத்து உருட்டினால் நூல் பிடித்தது போலச் சுருட்டு வந்து விழும். நான் உருட்டியது மட்டும் முருங்கைக்காய் போல வளைந்து நின்றது. பக்கத்துப் பாயில் இருந்த கார்த்திகேசு அண்ணை அதில் ஒன்றை எடுத்து வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதைப் பத்துறதெண்டால் கழுத்தைத் திருப்பிக்கொண்டெல்லே இருக்க வேணும்" என்றார். கொட்டில் முழுக்கச் சிரித்தது.

சிரித்து முடிந்ததும் அவர்களே ஒரு வழி சொன்னார்கள். அந்தக் கொட்டிலில் நெடுநாளாக ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் பத்திரிகை வாசிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். வாசிப்பவரின் பங்குச் சுருட்டை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றி அவர் பலகையில் போட்டுவிடுவார்கள். பழைய வாசிப்புக்காரருக்குக் கண் மங்கிப் போயிருந்தது. "நீ வாசி தம்பி, உன்ரை சுருட்டை நாங்கள் சுத்திறம்" என்றார்கள். பரீட்சையில் தேறாத கல்வி அப்படித்தான் எனக்குச் சோறு போட்டது.

கொட்டில் நடுவில் ஒரு முக்காலி. காலையில் பத்திரிகை, யாருக்குக் கலியாணம், எங்கே களவு, வெங்காயம் என்ன விலை என்பதிலிருந்து மகாராசாக்கள் வரைக்கும் ஒரு வரி விடக்கூடாது. மத்தியானத்துக்குப் பிறகு கதை. எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும், எந்த இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றெல்லாம் பழகிக்கொண்டேன். நல்ல இடத்தில் நான் செம்பை எடுத்தால் முப்பது பேரும் ஒரே குரலில் "பேந்து?" என்று கேட்பார்கள். பிறகு என்ன என்ற அந்த ஒரு சொல்லுக்காக நான் வேண்டுமென்றே தாகப்பட்டிருக்கிறேன்.

அமெரிக்கா வந்தது என் அத்தானால். அக்காவைக் கட்டியவர், பினாங்கில் ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை. அங்கே வெளிவந்த ஒரு தமிழ் வார இதழைச் சேர்த்து வைத்து மாதம் ஒரு கட்டாக அனுப்புவார். அதில் அமெரிக்கத் தொழிலாளர் வரலாறு என்று ஒரு தொடர் வந்தது. உண்மையைச் சொன்னால் ஆரம்பத்தில் அது சவுக்காரம் தின்றது போல இருந்தது. சங்கம், தீர்மானம், சட்டசபை. கார்த்திகேசு அண்ணை குறட்டையே விட்டார். நானும் நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் நாலாவதோ ஐந்தாவதோ கட்டில், நியூயோர்க்கில் சுருட்டுச் சுற்றுகிறவர்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். அங்கேயும் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டு சுற்றுவார்களாம். வாசிக்கிறவரின் பங்கை மற்றவர்களே சுற்றிக் கொடுப்பார்களாம்.

கைகள் எல்லாம் நின்றுவிட்டன. ஒரு சுருட்டுக் கொட்டிலில் கைகள் நிற்பதை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

"என்ன, திருப்பி வாசியும்" என்றார் நாகமுத்து அண்ணை.

திருப்பி வாசித்தேன்.

"அட, வெள்ளைக்காரன்ரை ஊரிலையும் ஒரு சுருட்டுச் சுத்தத் தெரியாத தம்பி இருந்திருக்கிறான்!" என்றார் கார்த்திகேசு அண்ணை. அதற்குப் பிறகு அவர் குறட்டை விடவில்லை. பத்திரிகையை நான் எடுத்தால், "உதைப் பிறகு பாப்பம், எங்கடை ஆக்களுக்கு என்ன நடந்ததெண்டு வாசி" என்பார். எங்கடை ஆக்கள் என்றால் நியூயோர்க் ஆட்கள்.

நாகமுத்து அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது அவருக்கு முப்பது வயது இருக்கும். அதிகம் கதைக்க மாட்டார். அவர் சுற்றிய சுருட்டை முதலாளி தனியே எடுத்துப் பெரிய ஆட்களுக்குக் கொடுக்க வைத்துக்கொள்வார். வீடு கோப்பாய்ப் பக்கம், எனக்குப் போகும் வழி, அதனால் பல நாள் சேர்ந்தே போவோம். விடியமுன் வெள்ளாப்பில் வீட்டை விட்டால் அவர் திரும்பிப் போக ஊர் அடங்கியிருக்கும். காரணம் விளக்கு வேலை. தென்பகுதிக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் மாதங்களில், பொழுது பட்டதும் முதலாளியின் ஆள் இரண்டு பெரிய விளக்கைக் கொண்டுவந்து நடுவில் மாட்டுவார். விளக்கு வந்தால் யாரும் எழும்பக்கூடாது. எழும்பினால் அடுத்த நாள் அவருக்குப் பாய் இல்லை. சரக்கு அனுப்பும் மாதம் என்று பெயர், ஆனால் வருஷத்தில் எட்டு மாதம் அந்த மாதம்தான்.

தொடரில் ஒரு நாள் எட்டு மணித்தியாலக் கதை வந்தது. நாளில் எட்டு மணித்தியாலம் வேலை, எட்டு நித்திரை, மிச்ச எட்டும் எங்களுக்கு என்று அமெரிக்கத் தொழிலாளர் கேட்டார்கள் என்று வாசித்தேன். கார்த்திகேசு அண்ணைக்கு அது விளங்கவே இல்லை. "வேலை சரி, நித்திரை சரி. மிச்ச எட்டு மணித்தியாலம் மனிசன் என்னத்தைச் செய்யிறது?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். நாகமுத்து அண்ணை தலை நிமிராமல் சொன்னார்: "போன வெள்ளிக்கிழமை காய்ச்சல் எண்டு வீட்டிலை நிண்டனான். பிள்ளை கதவுக்குப் பின்னாலை ஒளிச்சு நிண்டு பாத்துக்கொண்டு நிண்டது. பேந்து தாயிட்டைப் போய்க் கேக்குது, 'அம்மா, உந்த ஆள் எப்ப போகும்?' எண்டு."

அதற்கும் சிரிப்பு எழுந்தது, ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது. அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் வீட்டிலும் அதே வயதில் பிள்ளைகள் இருந்தன. பவளம் என்று பெயர் அந்தப் பிள்ளைக்கு, மூன்று வயது. அப்பன் புறப்படும்போதும் நித்திரை, வரும்போதும் நித்திரை. நான் செம்பை எடுத்தேன். யாரும் "பேந்து?" என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு தொடர் சூடு பிடித்தது. நியூயோர்க் சுருட்டுக்காரர் குடியிருந்த அறைகளே முதலாளிமாருடையவை. ஒரே அறையில் சமைத்து, படுத்து, அங்கேயே குடும்பம் முழுக்கச் சுருட்டும் சுற்றினார்கள். ஒரு கட்டத்தில் எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். முதலாளிமார் வீட்டை விட்டுத் துரத்தினார்கள். குளிர். தட்டுமுட்டுச் சாமான்களோடு குடும்பங்கள் தெருவில் நின்றன. அந்த இடத்தோடு கட்டு முடிந்தது. கொட்டிலில் ஒரு மாதம் முழுக்க அதே பேச்சு. குளிருக்குப் பிள்ளைகள் என்ன செய்தார்களோ என்று கவலைப்பட்டவர்கள் உண்டு.

அந்த நேரம் பார்த்து அத்தான் லீவில் ஊருக்கு வந்து இறங்கினார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு இதழின் கவலை. "அத்தான், இதழ்?" என்று கேட்டேன். "கொண்டந்தனான், கொண்டந்தனான்" என்று பெட்டியைத் திறந்தார். அக்காவுக்கு ஆசையாக வாங்கி வந்த கண்ணாடிக் கோப்பைகளை அந்த இதழ்களால்தான் சுற்றியிருந்தார். ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தாளை நீவி அடுக்கினேன். தொடரின் பக்கத்தில் மேல் பாதி இருந்தது. முதல் நாள் போயிற்று, இரண்டாம் நாளும் போயிற்று, மூன்றாம் நாள் காலையில் என்று எழுதியிருந்தது. அதோடு தாள் கிழிந்திருந்தது. மற்றப் பாதி பினாங்கில் எந்தக் குப்பையில் கிடந்ததோ. அத்தான் பிறகு திரும்பிப் போகவும் இல்லை, ஊரோடு நின்றுவிட்டார். இதழும் அத்தோடு நின்றது.

மறுநாள் முக்காலியில் இருந்து அந்தப் பாதித் தாளை வாசித்தேன். மூன்றாம் நாள் காலையில் என்ற இடம் வந்தது. செம்பை எடுத்தேன். "பேந்து?" என்றார்கள். முப்பது முகங்கள். தாள் கிழிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன், அதைச் சொல்ல எனக்கு என்ன கேடு? ஆனால் சொல்ல வாய் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் முதலாளி தானே இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டார் என்றேன். அவர் கண் கலங்கியிருந்தது என்றேன். குளிருக்கு எல்லோருக்கும் கோப்பி கொடுத்தார் என்றேன். ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. இனி உங்களுக்கு விளக்கு வேலை இல்லை, பொழுது பட்டால் வீட்டுக்குப் போங்கள் என்று அவர் சொன்னதாகவும் சொல்லி முடித்தேன். விளக்கு வேலை என்ற சொல்லே அந்தத் தொடரில் எங்கும் கிடையாது.

கார்த்திகேசு அண்ணை கண்ணைத் துடைத்தார். "கடவுள் இருக்கிறார்" என்றார்.

இரண்டு மாதம் கழித்துச் சரக்கு அனுப்பும் காலம் தொடங்கியது. பொழுது பட்டது, ஆள் விளக்கோடு வந்தார். நாகமுத்து அண்ணை இலை வெட்டும் கத்தியைப் பலகையில் வைத்தார். கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தார். எழும்பினார். "விளக்கைக் கொண்டுபோம். நாங்கள் வீட்டை போறம்" என்றார், சத்தம் போடாமல். அவர் வாசலுக்குப் போகுமுன்பே மற்றவர்கள் எல்லோரும் எழும்பிவிட்டார்கள். நானும் எழும்பினேன். அன்றைக்கு மேற்கில் வெளிச்சம் இருக்கும்போதே கோப்பாய் றோட்டில் முப்பது பேர் நடந்தோம். யாரோ பாடினார்கள். அப்படி ஒரு அந்தி எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

அடுத்த நாள் காலை கொட்டில் பூட்டியிருந்தது. முதலாளி கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். தீபாவளிக்கு எல்லோருக்கும் வேட்டி எடுத்துத் தருவார், யார் வீட்டில் செத்தவீடு என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் தன் கொட்டிலில் தான் சொல்லாமல் ஒருவன் எழும்புவதை அவரால் தாங்க முடியவில்லை. நாங்கள் எதிரே வேம்பின் கீழ் நின்றோம். முதல் நாள் போயிற்று. இரண்டாம் நாளும் போயிற்று. அந்த வரிகளை வாசித்த என் வாய்க்கு அன்றைக்குத் தண்ணீர் கூட இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை போனேன். எல்லோரும் கிணற்றில் தோய்ந்து, வெளுத்த வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கலியாண வீட்டுக்கு வந்தவர்கள் போல நின்றார்கள். கார்த்திகேசு அண்ணை கையில் ஒரு தேங்காய் வைத்திருந்தார், கதவு திறந்ததும் வாசலில் உடைக்க. "இண்டைக்கு மூண்டாம் நாளெல்லே" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாட்டு வண்டிகளின் சத்தம் கேட்டது.

கதவு திறந்தது. உள்ளிருந்து புகையிலைச் சிப்பங்களை எடுத்து வண்டிகளில் ஏற்றினார்கள். முதலாளி வேறொருவரின் கொட்டிலுக்குச் சரக்கைக் கொடுத்துவிட்டார். வேலை வேண்டியவர்கள் அங்கே வரலாம், விளக்கு வேலைக்குச் சம்மதம் என்றால் மட்டும். நாகமுத்தும் வாசிப்புக்காரனும் வரத் தேவையில்லை. இனி வாசிப்பும் இல்லை என்று அவருடைய ஆள் வந்து சொன்னார். முதலாளி எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினார். தேங்காயை என்ன செய்வது என்று தெரியாமல் கார்த்திகேசு அண்ணை அதை வேம்பின் அடியில் வைத்தார்.

ஒரு கிழமை தாக்குப் பிடித்தார்கள். பிறகு நாகமுத்து அண்ணையே ஒவ்வொரு வீடாகப் போய், "போங்கோ, அடுப்பு எரியவேணும். நான் கோவிக்கமாட்டன்" என்று அனுப்பி வைத்தார். தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். பல நாள் கழித்துக் கார்த்திகேசு அண்ணையைச் சந்தையில் கண்டேன். புதுக் கொட்டில் எப்படி என்று கேட்டேன். "கை ஓடுது தம்பி, காதுதான் சும்மா கிடக்குது" என்றார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாகமுத்து அண்ணையின் முகத்தில் முழிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. ஒருநாள் பின்னேரம் போனேன். அவர் அப்போது உரும்பிராய்த் தோட்டங்களில் கூலிக்கு மண் கொத்தப் போய்க்கொண்டிருந்தார். சுருட்டுச் சுற்றிய அந்த விரல்களில் செம்பாட்டு மண் ஏறி, உள்ளங்கை கொப்பளித்திருந்தது. முற்றத்தில் இருந்து ஓலைக்காற்றாடி பின்னிக்கொண்டிருந்தார். பிள்ளை அவர் முதுகில் சாய்ந்துகொண்டு அவசரப்படுத்தியது.

"அண்ணை, அந்த மூண்டாம் நாள் கதை..." என்று தொடங்கினேன்.

"அது நீர் கட்டினது. எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார்.

"எப்பிடி?"

"மற்ற நாளெல்லாம் உம்மடை கண் தாளிலை இருக்கும். அண்டைக்கு எங்கடை முகத்திலையெல்லே இருந்தது."

"தெரிஞ்சுகொண்டும் ஏன் அண்ணை எழும்பினியள்?"

காற்றாடிக்கு ஈர்க்கைக் குத்திப் பிள்ளையிடம் கொடுத்தார். அது ஓடியது. "நான் உம்மடை கதைக்கோ எழும்பினனான்?" என்றார். ஓடுகிற பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கொத்து வேலை பொழுதோடை முடியும். காசு காணாதுதான். இருந்தாலும் இருட்டுக்குள்ளை ஆரும் வெங்காயம் நட மாட்டினம்."

எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் ரோசமாகவும் இருந்தது. என் கதையால்தான் இவ்வளவும் நடந்தது என்று ஒரு மாதமாக நித்திரை கொள்ளாமல் கிடந்தவன் அல்லவா! அவர் பெண்சாதி தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு எனக்கு ஒரு கடையில் எழுத்து வேலை கிடைத்தது. யுத்தம் வந்தது, போனது. வேலை நேரத்துக்குச் சட்டங்கள் வந்தன. நடு வயதில் ஒரு புத்தகத்தில் அந்த நியூயோர்க் சுருட்டுக்காரரின் முடிவைத் தற்செயலாக வாசித்தேன். அவர்கள் மூன்று மாதத்துக்கு மேல் நின்றார்கள். தோற்றார்கள். யாரும் கோப்பி கொடுக்கவில்லை. தோற்றவர்கள் சும்மா இருக்கவும் இல்லை, திரும்பத் திரும்ப எழும்பினார்கள். எட்டு மணித்தியாலம் அந்த நாட்டில் சட்டமாக வர இன்னும் எத்தனையோ வருஷம் பிடித்தது. அன்று பின்னேரமே கார்த்திகேசு அண்ணையிடம் ஓடிப் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அவர் செத்து அப்போது இரண்டு வருஷம். கொட்டில் இருந்த இடத்தில் கல்வீடு எழும்பிவிட்டது. ஊரெல்லாம் பீடியும் சிகரெட்டுமாகிவிட, சுருட்டுக்காரரில் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இப்போது எல்லோரும் பத்திரிகையை அவரவர் வீட்டில் மனதுக்குள் வாசிக்கிறார்கள். நானும் அப்படித்தான். நல்ல செய்தி ஒன்றைக் கண்டால் என்னையறியாமல் தலையை நிமிர்த்துகிறேன், எதிரே சுவர் இருக்கிறது. அந்த முப்பது பேரின் "பேந்து?" என்ற குரலை இன்னொரு தடவை கேட்க எதையும் கொடுப்பேன். அவ்வளவு ஏக்கம் அது.

போன வருஷம் நாகமுத்து அண்ணை காலமானார். செத்தவீட்டில் ஒரு மூலையில் கதிரை போட்டு இருந்தேன். பவளம் வந்து பக்கத்தில் இருந்தாள். அவளுக்கே இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது. "மாமா, அப்பாவை உங்களுக்கு எந்தக் காலத்திலையிருந்து பழக்கம்?" என்று கேட்டாள்.

"சுருட்டுக் கொட்டிலிலை வேலை செய்த காலத்திலையிருந்து பிள்ளை."

"அப்பா சுருட்டுச் சுத்தினவரே?" என்று ஆச்சரியப்பட்டாள். "எனக்குத் தெரியாது. எங்களுக்குச் சொன்னதே இல்லை. எனக்கு நினைவு தெரிஞ்ச நாளிலையிருந்து, பொழுது பட அப்பா வீட்டிலை நிப்பார். அவர் பக்கத்திலை இருந்து பிசைஞ்சு தந்தாத்தான் நான் சாப்பிடுவன். என்னை விட்டிட்டு அவர் ஒரு நாளும் தூரத்துக்குப் போனதில்லை மாமா."

எல்லாவற்றையும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுது வீங்கிய அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஓம் பிள்ளை," என்றேன், "அவர் எப்பவும் வீட்டிலைதான் நிண்டவர்."